பங்கரில் முப்பத்தேழு டிகிரி

நிலக்கரிக் கப்பலில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர் முதலில் என் கையைப் பார்க்கிறார். காய்ப்பு எதுவும் இல்லை. பிறகு மனசுக்குள் வயதைக் கணக்குப் போடுகிறார், நூற்றிருபது வருகிறது. நான் இன்னும் அறுபதைத் தொடவில்லை. தலைமுடி மட்டும் அவசரப்பட்டு எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது.

போன மாதம் நிவேதிதா என்கிற இளம் என்ஜினியர் போன் செய்தார். மெத்தனாலில் ஓடும் கப்பலில் இரண்டாம் என்ஜினியர், இப்போது லீவில் அடையாறில் இருக்கிறார். எங்கள் தொழில்காரர்கள் மாதம் ஒருமுறை தி. நகரில் கூடி, சமோசா தின்றுவிட்டு உலகக் கப்பல் போக்குவரத்தைச் சீர்திருத்துவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் பேச வேண்டுமாம்.

"இப்ப எல்லாரும் மெத்தனால், அம்மோனியான்னு பேசறாங்க சார். எண்ணெய விட்டு வேற எரிபொருளுக்குப் போன கப்பல்ல நிஜமா வேலை பாத்தவங்க யாராவது பேசினா நல்லா இருக்கும். தேடிப் பாத்ததுல ரெண்டு பேர்தான் மிச்சம். உங்க சீஃப் நம்பர் கிடைக்கல."

"என் நம்பர் எப்படிம்மா கிடைச்சுது?"

"விசாரணை ரிப்போர்ட்ல உங்க பேர் இருந்துச்சு சார். பங்கர் டெம்பரேச்சர் எல்லாம் நீங்க எடுத்ததாமே! அத வச்சுத்தானே நிலக்கரி சரிப்படாதுன்னு முடிவு பண்ணாங்க?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"பேசக் கூப்பிடறாங்க."

"சந்தோஷப்பட வேண்டியதுதானே? வீட்டுல யாரும் நான் சொல்றதைக் கேக்கறதில்லைன்னு தினம் பொலம்பறீங்க."

பேச்சைத் தயாரிக்க உட்கார்ந்தேன். நகைச்சுவையாக நாலு பக்கம் எழுதினேன். ஐந்தாவது பக்கத்தில் அந்த டெம்பரேச்சர் வந்து நின்றது. அதனால் அந்த நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நிலக்கரிக் கப்பல் என்றதும் இடுப்பில் துண்டோடு, வியர்வை வழிய, மண்வாரியால் கரி அள்ளி அடுப்பில் வீசும் மனிதர்கள் நினைவுக்கு வருவார்கள். ஏமாற்றத்துக்கு மன்னிக்கவும். நான் வேலை பார்த்த கப்பலில் மண்வாரியே கிடையாது. எண்ணெய் விலை எகிறிய காலத்தில் வெளிநாட்டில் யாரோ துணிந்து கட்டியது. எங்கள் கம்பெனி அதைப் பழசாக வாங்கியிருந்தது. கரியைக் காற்றழுத்தத்தால் குழாய் வழியாகத் தள்ளி பாய்லரின் தலைக்கு மேலிருக்கும் தொட்டிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து நகரும் சங்கிலித் தட்டின்மேல் தானாகவே விழுந்து எரியும். நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கப்பலைத் தள்ளும். நான் வெள்ளைச் சட்டையோடு நின்று பொத்தானை அழுத்துவேன். காசிமேட்டுத் துரை அங்கே ஆயிலர், இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். அவன் அந்தக் கப்பலுக்கு வைத்த பெயர் இட்லிக்கடை.

"கரியப் போடு, ஆவியப் புடி. சட்னி ஒண்ணுதான் சார் கொறச்சல்" என்பான்.

ஆஸ்திரேலியாவில் நிலக்கரியைச் சரக்காக ஏற்றி நம் கிழக்குக் கரைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. கரி சுமக்கிற கப்பல் கரியே தின்றால் என்ன என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சமபலத்துக்கு எண்ணெயைவிடக் கரி அதிக இடம் கேட்கும். நனைந்தால் குழாயில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சாம்பலை எங்கே கொட்டுவது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. டீசல் என்ஜின்காரர்கள் எங்களை அனுதாபத்தோடு பார்த்தார்கள். இதையெல்லாம் சமாளிக்கலாம், சமாளித்தோம். சமாளிக்க முடியாதது என்று எல்லோரும் பயந்தது ஒன்றுதான்: பங்கர்.

கப்பல் தன் சொந்தச் செலவுக்கு எரிபொருள் வைத்துக்கொள்ளும் கிடங்குக்குப் பெயர் பங்கர். எங்களுக்கு வலதில் ஒன்று, இடதில் ஒன்று. குவித்து வைத்த நிலக்கரி யாரும் தீ வைக்காமலே உள்ளுக்குள் மெல்லச் சூடாகும். காற்றுப் பட்டால் இன்னும் சூடாகும். சில நாள் இப்படிப் புழுங்கி, ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். மனிதர்களில் இந்த வகையைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் சீஃப் என்ஜினியர் கரீம் சார் இதைக் கேட்டு அசரவில்லை. ராயப்பேட்டைக்காரர். ஒல்லியான உடம்பு, சத்தம் போடாத குரல். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், பதவிதான். நான் நான்காம் என்ஜினியர், அதனால் ஃபோர்த். 'நல்லா இருக்கு', 'சூடா இருக்கு', 'பரவாயில்லை' போன்ற சொற்கள் அவர் காதில் ஏறாது. பம்ப் சூடாக இருக்கிறது என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எத்தனை?" என்பார். டிகிரியில் சொல்ல வேண்டும். ஒருமுறை சமையல்காரர் சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று மன்னிப்புக் கேட்கப் போய், "கொஞ்சம்னா எத்தனை ஸ்பூன்?" என்று மாட்டிக்கொண்டார்.

பங்கர் விஷயத்தில் அவர் கட்சி எளிமையானது. கரி எங்கே சூடாகிறது என்று நாலு நாள் முன்னாலேயே தெரிந்துவிட்டால், அந்தக் கரியை முதலில் இழுத்து அடுப்புக்கு அனுப்பிவிடலாம். எரிய ஆசைப்படுகிற கரியை எரிய விடுவதுதானே நம் தொழில்? ஆபத்தையே எரிபொருளாகத் தின்றுவிட்டால் நிலக்கரிக் கப்பல் எந்தக் கடலிலும் ஓடும் என்று நம்பினார். இப்படி இன்னும் இரண்டு கப்பல் வாங்கலாமா என்று கம்பெனி யோசித்துக்கொண்டிருந்தது. முடிவை அவருடைய முறையைப் பார்த்துத்தான் எடுப்பதாக இருந்தார்கள்.

முறை இதுதான். இரண்டு பங்கரிலும் சேர்த்து, மேல்தளத்திலிருந்து கரிக்குள் இறங்கும் ஆறு இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் பித்தளை மூடி. மூடியைத் திறந்து, பித்தளைக் கூட்டுக்குள் வைத்த தெர்மாமீட்டரை முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்க வேண்டும். முதல் முடிச்சில் பத்து நிமிஷம். வெளியே இழுத்து, காற்றில் ஆறுவதற்குள் படித்து எழுத வேண்டும். மறுபடி இறக்கி, அடி முடிச்சில் பத்து நிமிஷம். பிறகு மூடியை இறுக்க வேண்டும். காற்று உள்ளே போனால் கரிக்கு விருந்து. ஆறு குழாய்க்கு இரண்டு மணி நேரம். தெர்மாமீட்டர் இரண்டு இருந்தால் ஒரு மணி நேரம்தான். இரண்டு இருந்தன. ஒன்றை நான் முதல் வாரமே உடைத்துவிட்டேன்.

'பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்' என்று சிவப்பு மையில் எழுதி, அளவுகளைக் குறிக்கும் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருந்தார். கப்பலில் அவர் சிவப்பு மையில் எழுதியது அது ஒன்றுதான்.

காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச், அதாவது என் காவல் முறை. பத்து மணிக்கு மேல்தளம் ஏறுவேன். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்த நேரத்து இரும்புத் தளம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு டிகிரி தெரியாது, செருப்பு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பயணம் முழுக்க ஒழுங்காக எடுத்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தாறு. மூன்றாம் பயணத்திலும் எட்டு நாள் எடுத்தேன். முப்பத்தேழு. சலித்துப்போன சுவர்க் கடிகாரம்கூட இதைவிட வித்தியாசமாக ஏதாவது காட்டும்.

ஒன்பதாம் நாள் என் கையில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் இருந்தது. நூறு பக்கம் தாண்டியும் பாதிப் பேர் யாரென்று விளங்காத வகை. மேல்தளத்தில் காற்றோட்டக் குழாயின் நிழலில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முதல் குழாயைத் திறக்கத்தான் போனேன். ஒரு அத்தியாயம் முடித்துவிட்டுத் திறக்கலாம் என்று தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு அளவுப் புத்தகத்தில் எழுதினேன்: முப்பத்தேழு.

எடுக்காத அளவை எடுத்ததாக எழுதுவது கப்பல்காரர்களுக்குத் தெரியாத பாவம் அல்ல. முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறுநாள் வசதியாக இருக்கும். பதினோராம் நாள் எனக்குள் கலைஞன் விழித்துக்கொண்டான். ஒரே எண் வரிசையாக இருந்தால் படிப்பவருக்கு நம்பிக்கை வராது அல்லவா? மூன்றாம் குழாய்க்கு முப்பத்தெட்டு போட்டேன். பன்னிரண்டாம் நாள் அடக்கமாக மீண்டும் முப்பத்தேழு. பிற்காலத்தில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதி அனுப்பியிருக்கிறேன், எல்லாம் திரும்பி வந்தன. யாரும் சந்தேகப்படாமல் முழுசாக நம்பிய ஒரே கதை அந்த ஐந்து நாள் எழுதியதுதான்.

பதின்மூன்றாம் நாள் காலை துரை என்னிடம் வந்தான்.

"சார், வலது பங்கராண்ட மண்ணெண்ண வாட அடிக்குது சார்."

"பெயிண்ட் அடிச்சிருப்பாங்கப்பா."

"பெயிண்ட் வாட எனக்குத் தெரியாதா சார்? இது வேற. செவுரு வேற வேர்த்துகினு கீது. சீஃபாண்ட சொல்லட்டா?"

"நான் பாத்துக்கறேன், நீ போ. இன்னைக்கும் டெம்பரேச்சர் முப்பத்தேழுதான்" என்றேன். அப்போது மணி எட்டரை. அன்றைய அளவை எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

அன்றும் நான் குழாயைத் திறக்கவில்லை. முதல்முறையாக அது சோம்பலால் அல்ல. திறந்து, நாற்பத்தைந்தோ ஐம்பதோ இருந்துவிட்டால்? முந்தின நாள் முப்பத்தேழு, இன்று ஐம்பது என்று எப்படி எழுதுவது? அந்த நாலு நாளுக்கு என்ன பதில் சொல்வது? பித்தளை மூடிமேல் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன். முப்பத்தேழு என்று எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த கோழைத்தனங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அதில் முதலிடம் அந்த மூடிக்கு.

பதினான்காம் நாள் காலை எட்டரை மணிக்கு வலது பங்கரின் காற்றுக் குழாயில் புகை வந்தது. கரீம் சார் ஓடிவரவில்லை, நடந்து வந்தார். பங்கர் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பெயிண்ட் கொப்பளித்திருந்தது.

"புக்கு" என்றார்.

கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார்.

"முப்பத்தேழா?"

"ஆமா சார்."

புத்தகத்தை மூடினார். எங்கே சூடு ஆரம்பித்தது என்று தெரியாததால் எந்தக் கரியை முதலில் இழுப்பது என்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு பக்கத்தில் இழுத்துப் பார்த்தார். கரியோடு கனலும் சேர்ந்து குழாய்க்குள் வந்தது. உடனே நிறுத்தினார். அதற்குள் கரி தள்ளும் பொதுக் குழாய் கோணிவிட்டது. பங்கரின் திறப்புகளை எல்லாம் அடைத்து, உள்ளே கரியமில வாயுவைச் செலுத்தினோம். தீ அடங்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் குழாய் போனதால் இடது பங்கரில் இருந்த நல்ல கரியையும் பாய்லருக்குக் கொண்டுபோக வழியில்லை. மேல்தொட்டியில் இருந்தது தீர்ந்ததும் பாய்லர் ஆறியது, டர்பைன் நின்றது. வயிறு முட்டக் கரிச் சரக்கு. அடுப்பில் போட ஒரு கூடை இல்லை. இழுவைக் கப்பல் வந்து சேரும் வரை ஆறு நாள் கடல் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் போனோம்.

விசாரணை தேனாம்பேட்டையில், கம்பெனியின் மூன்றாம் மாடி அறையில் நடந்தது. மேஜையின் ஒரு பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் கரீம் சார், அவருக்குப் பக்கத்தில் நான். நடுவில் அந்தப் புத்தகம். கீழே அண்ணா சாலையில் ஹாரன் சத்தம்.

"உங்க முறைப்படி தினமும் அளவு எடுத்திருக்காங்க மிஸ்டர் கரீம். நாலு நாள் முன்னாடியே தெரியும்னு சொன்னீங்க. முந்தின நாள்கூட முப்பத்தேழுதான் இருக்கு. எச்சரிக்கை எங்கே?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

கரீம் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"ஃபோர்த், நீ எடுத்தியாப்பா?"

அந்த அறையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே கேள்வி அது. எனக்கு வயது இருபத்தைந்து. லைசென்ஸ் போகும், வேலை போகும், வீட்டில் ஒரு தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் காரணங்கள். காரணங்களை நான் எப்போதும் நன்றாகவே தயாரிப்பேன்.

"எடுத்தேன் சார்."

அவர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "அவன் எடுத்தது சரின்னா, நான் சொன்னது தப்பு" என்றார். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவோ காப்பாற்றவோ சொன்னதல்ல. அவருக்கு அது கணக்கு.

பங்கருக்குள் நடப்பதை வெப்பமானியால் முன்கூட்டி அறிய முடியாது, ஆகவே தூரக் கடலுக்கு நிலக்கரி சரிப்படாது என்று ரிப்போர்ட் எழுதினார்கள். அந்தக் கப்பலை உடைக்கக் கொடுத்தார்கள். கரீம் சாருக்கு அதன்பின் கப்பல் கிடைக்கவில்லை. தொழிற்சாலை பாய்லர்களைச் சோதிக்கும் வேலைக்குப் போனார். நான் டீசல் கப்பல்களுக்குப் போய், படிப்படியாக உயர்ந்து, சீஃப் என்ஜினியராக ஓய்வு பெற்றேன். என் கீழே வேலை பார்த்தவர்கள் எழுதிய எண்களை ஒருநாளும் நம்பியதில்லை. கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கினேன்.

நிவேதிதாவின் போனுக்குப் பிறகு ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட லஸ் முனையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோக்காரரின் அரசியல் கருத்துகளுக்கெல்லாம் தலையாட்டியபடி ராயப்பேட்டை போனேன். எண்பதைத் தாண்டிவிட்ட கரீம் சார் ஜன்னலோரம் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"இன்னா ஃபோர்த், வழி தெரிஞ்சுதா? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன் சார்."

"நல்லான்னா?"

"சுகர் நூத்தி அறுபது சார்."

"இது பதில்" என்று சிரித்தார்.

நான் ஒத்திகை பார்த்து வந்த முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்துவிட்டார். "நீ வந்தது நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லி, மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்த வரைபடத் தாள் ஒன்றை விரித்தார். பென்சிலால் புள்ளி வைத்து இணைத்த கோடு.

"மூணாம் குழாய். உன் நம்பர்தான். பதினோராம் நாள் முப்பத்தெட்டு, மறுநாள் முப்பத்தேழு. தீ புடிக்கப் போற கரி எதுக்குப்பா ஆறுது? மேலேர்ந்து காத்து எறங்கியிருக்கும்னு ஒரு கணக்கு போட்டேன், உக்காரல. குழாய்க்கு நடுவுல தூரம் ஜாஸ்தின்னு வச்சுக்கிட்டு இன்னொண்ணு போட்டேன், அதுவும் உக்காரல. இத்தனை வருஷமா இந்த ஒரு டிகிரி என்னைப் படுத்துது. அன்னைக்கு மழை எதுனா பெஞ்சுதா?"

தாளின் ஓரமெல்லாம் அவருடைய பொடி எழுத்தில் கணக்கு. ஒன்றை அடித்து அதன்மேல் இன்னொன்று.

"மழை பெய்யல சார். நான் அளவு எடுக்கல."

"எத?"

"ஒன்பதாம் நாள்லேர்ந்து எதையுமே எடுக்கல சார். உக்காந்த எடத்துல எழுதினேன். அந்த முப்பத்தெட்டு, ஒரே நம்பரா இருந்தா சந்தேகப்படுவீங்கன்னு போட்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். மன்னித்தால் எப்படி நிற்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"அப்போ எத்தனை இருந்துச்சு?"

"சார்?"

"ஒன்பதாம் நாள். நெஜமா எத்தனை இருந்துச்சு?"

"தெரியாது சார்."

"பத்தாம் நாள்?"

"தெரியாது சார்."

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அதே பதிலைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஏதோ திருப்பிக் கொடுத்ததாகும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் குழாய்களுக்குள் அந்த ஐந்து நாளும் ஒரு எண் இருந்தது. அவர் சொன்னது சரியா தவறா என்று அது சொல்லியிருக்கும். அதைப் பார்க்க உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் நியமித்திருந்தார்கள்.

அவர் ரப்பரை எடுத்தார். ஒன்பதாம் நாளில் ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாக, தாள் கிழியாமல், நிதானமாக அழித்தார். தூளை ஊதினார். ஓரத்துக் கணக்குகளை அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் குறுக்கிலும் ஒரு கோடு மட்டும் போட்டார்.

தி. நகர் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட இதக் காட்டு. எதுவரைக்கும் தெரியுமோ அதுவரைக்கும் சொல்லு. ஜோக்கு வேணாம்."

டீ ஆறிப்போயிருந்தது. குடிக்கச் சொல்லுவார் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வாரம் கூட்டம். வரைபடம் என் மேஜையில் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த இடங்கள் மங்கலாகத் தெரிகின்றன. நிலக்கரி தூரக் கடலுக்குச் சரிப்படுமா என்று நிவேதிதா கேட்பார். எட்டாம் நாள் வரைக்கும் சரிப்பட்டது என்று சொல்வேன்.